சம்பளத்தைக் கூட்டினால் கடை தாங்குமா?

கொழும்பு வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"காலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் எங்கள் கடை. அவர் காலமான பிறகு பதினொரு வருடமாக நான்தான் பார்க்கிறேன். உதவிக்கு நிற்கும் பிள்ளைகள் நான்கு பேர், ஹட்டன் பக்கமும் மட்டக்களப்பும். 27,000 கொடுத்து வந்தேன், சட்டம் மாறியதால் ஜனவரியிலிருந்து 30,000. சமையலில் மூன்று பேருக்கு 38,000, காசு மேசையில் இருக்கும் பிள்ளைக்கு 42,000, கொத்துரொட்டி போடும் பாஸுக்கு 65,000. காலை ஆறுக்குத் தொடங்கினால் இரவு எட்டுக்குத்தான் முடியும், பின்னேரம் இரண்டு மணி நேரம் ஓய்வு. சாப்பாடும் மேல்மாடியில் தங்க இடமும் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு 80,000 ரூபாய் அளவுக்கு வியாபாரம், கணக்குத் தாளும் இத்துடன் வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போன இரண்டு பிள்ளைகள் திரும்பி வரவில்லை, பதினொரு நாள் இரவுக் கடையைப் பூட்ட வேண்டியதாகிவிட்டது. இப்போது இருப்பவர்கள் 'சட்டம் சொல்வது போதாது, வாழ்கிற அளவுக்குத் தாருங்கள்' என்கிறார்கள். இலண்டனில் இருக்கும் தங்கை மகள், அங்கே வாழ்வதற்கான சம்பளம் என்று ஒன்று இருக்கிறது, கடைகள் எல்லாம் மூடிவிடவில்லையே என்கிறாள். என் மகனோ இரண்டு பேரை நிறுத்தினால்தான் சரிவரும் என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது?"

அக்கா,

இரண்டு பேரை நிறுத்த வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மகனின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, அதனால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். நான் பதினேழு வருடமாகக் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் உங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்குத்தான் கணக்குப் பார்க்கிறேன், சம்பளம் கூடினால் கடை தாங்குமா என்ற கேள்வி வராத வருடம் ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை.

தங்கை மகள் சொல்வதிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தில் இரண்டு விதமான தொகை இருக்கிறது. ஒன்று சட்டம் போட்டது, 2016 ஏப்ரலில் மணிக்கு 7.20 பவுணாகத் தொடங்கியது, பெயரே தேசிய வாழ்க்கைச் சம்பளம் என்றுதான் வைத்தார்கள், 2025 ஏப்ரலில் அது 12.21 பவுண். மற்றது வீட்டு வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து ஓர் அறக்கட்டளை வருடா வருடம் சொல்வது, விரும்பிய முதலாளி மட்டும் கொடுப்பார். அதே காலத்தில் இலண்டனுக்கு அவர்கள் சொன்ன தொகை 13.85 பவுண். சட்டம் போட்ட தொகைக்கே 'வாழ்க்கை' என்று பெயர் வைத்த நாட்டில்கூட, அதற்கும் உண்மையில் வாழ்வதற்கு வேண்டிய தொகைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது பாருங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்பது இந்த இரண்டாவதை.

நம்முடைய நாட்டில் சட்டம் போட்ட தொகை மட்டும்தான். 2016இல் மாதம் 10,000 ரூபாயாக வந்தது, 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000, நாட்கூலி என்றால் 1,200. இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஒரே வருடத்தில் 69.8 வீதம் ஏறிய நேரத்திலும் சட்டப்படியான சம்பளம் அதே 12,500தான். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பாய்ச்சல். பழைய சட்டங்களின்படி தனியாகக் கொடுத்த 3,500 ரூபாய் நிவாரணப் படியும் 27,000க்குள் அடங்கிவிட்டதால் உண்மையான பாய்ச்சல் 21,000இலிருந்து 27,000க்கு என்றாலும், அதுவும் சின்னக் கடைக்குப் பெரியதுதான். என் கணிப்பில் நம் கடைகளை நோகடித்தது சம்பளம் கூடியது அல்ல, வருடக்கணக்கில் அசையாமல் கிடந்துவிட்டு ஒரே அடியாகக் கூடியது. வருடத்துக்கு ஒரு தடவை விலைவாசியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் எந்தக் கடையும் திடுக்கிட்டிருக்காது.

சரி, வாழ்வதற்கு எவ்வளவு வேண்டும்? இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதாமாதம் வறுமைக் கோடு வெளியிடுகிறது. கொழும்பு மாவட்டத்தில் அது ஒரு ஆளுக்கு மாதம் 17,000 ரூபாயைத் தாண்டி நிற்கிறது, நாம் சுமாராக 17,000 என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 68,000. தகப்பன் முழுநேரம், தாய் அரைநேரம் உழைத்தால் ஒன்றரை உழைப்பாளி. 68,000ஐ ஒன்றரையால் வகுத்தால் 45,000 சொச்சம் வருகிறது. இது நன்றாக வாழ்வதற்கான கணக்கு இல்லை அக்கா, வறுமைக்குள் விழாமல் நிற்பதற்கான கணக்கு. உங்கள் பிள்ளைகளில் இருவர் கல்யாணம் ஆகாதவர்களாக இருக்கலாம், தங்க இடமும் நீங்கள் கொடுக்கிறீர்கள், ஆனாலும் அவர்கள் ஊருக்குக் காசு அனுப்புகிறவர்கள். இன்னொன்று: 2026 வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளருக்கு அறிவித்த நாட்சம்பளம் 1,550, அதோடு வேலைக்கு வந்தால் அரசாங்கம் தரும் 200, ஆக 1,750. மாதம் 25 நாள் முழுவதும் வேலை கிடைத்தால் 43,750. எல்லாத் தோட்டத்திலும் 25 நாள் கிடைக்காது, பறிக்கும் கொழுந்தின் நிறைக் கணக்கும் இருக்கிறது, அதெல்லாம் உண்மை. இருந்தும் ஹட்டன் தோட்டத்தில் இருக்கும் அம்மா இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் "கொழும்பில் 30,000க்கு ஏன் கிடக்கிறாய்" என்று மகனைக் கேட்பார். போகிற இடம் ஊர் மட்டும் இல்லை. 2022இலும் 2024இலும் வருடத்துக்கு 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். இங்கேயே இருக்கிற பொடியன் ஒரு மோட்டார் சைக்கிள் கிடைத்தால் சாப்பாடு டிலிவரி ஓடப் போய்விடுகிறான்.

மகனின் கேள்விக்கு வருகிறேன். சம்பளம் கூடினால் வேலை போகுமா? உலகத்தில் பொருளாதாரக்காரர்கள் முப்பது வருடத்துக்கு மேலாகச் சண்டை பிடிக்கும் கேள்வி இது. அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் மணிச் சம்பளத்தை 4.25 டொலரிலிருந்து 5.05க்குக் கூட்டியது, பக்கத்துப் பென்சில்வேனியா கூட்டவில்லை. டேவிட் கார்ட், அலன் குரூகர் என்ற இருவர் இரண்டு பக்கமும் சேர்த்து 410 சாப்பாட்டுக் கடைகளைக் கேட்டுப் பார்த்தார்கள். சம்பளம் கூடிய பக்கத்தில் வேலை குறையவில்லை, சாப்பாட்டு விலைதான் நூற்றுக்கு நான்கு அளவில் கூடியிருந்தது. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு. இதை மறுத்து வேறு கணக்குப் புத்தகங்களை வைத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். சியாட்டில் நகரம் 2014இல் 15 டொலர் சட்டம் போட்டுப் படிப்படியாக ஏற்றியபோது, 13 டொலரைத் தொட்ட கட்டத்தில் குறைந்த சம்பளக்காரருக்குக் கிடைத்த வேலை மணிகள் நூற்றுக்கு ஒன்பது அளவில் குறைந்தன என்று அங்குள்ள பல்கலைக்கழகக் குழு 2017இல் சொன்னது. சாப்பாட்டுக் கடைகளை மட்டும் பார்த்த வேறொரு குழு அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றது.

எனக்கு உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமாகப் படுவது ஜேர்மனி. அங்கே 2015இல்தான் நாடு முழுவதற்கும் 8.50 யூரோ என்று முதல் சட்டம் வந்தது. மொத்த வேலைவாய்ப்பு விழவில்லை, ஆனால் ஆட்கள் சின்ன இடங்களிலிருந்து நன்றாக நடக்கும் பெரிய இடங்களுக்கு நகர்ந்தார்கள். தொழிலாளிக்கு நல்லது, நாட்டுக்கும் நல்லது, சின்னக் கடைக்காரருக்கு எச்சரிக்கை. உங்களிடம் இருந்து போன இரண்டு பிள்ளைகளும் வேலையில்லாமல் வீட்டில் இருக்க மாட்டார்கள், வேறு எங்கோ நிற்கிறார்கள். உங்கள் ஆபத்து அங்கேதான் இருக்கிறது: சம்பளம் கூடி ஆளை நிறுத்த வேண்டி வருவதல்ல, சம்பளம் போதாமல் ஆள் தானாகப் போவது.

உங்கள் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒன்பது பேர் சம்பளம் 341,000, ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதம், எல்லாம் சேர்த்து 392,150. மாத வியாபாரம் 24 இலட்சம். அப்படியானால் நூறு ரூபாய் வியாபாரத்தில் 16 ரூபாய் சொச்சம்தான் ஆட்களுக்குப் போகிறது. ஜனவரியில் நான்கு பேருக்கு மும்மூவாயிரம் கூட்டியதால் உங்களுக்கு வந்த மேலதிகச் செலவு நிதிகளோடு 13,800. நூறு ரூபாய் வியாபாரத்துக்கு 60 சதம்கூட இல்லை. இதற்காகவா இரண்டு பேரை நிறுத்துவது?

அடுத்தது தீபாவளி. இரவு வியாபாரம் 30,000 என்று எழுதியிருக்கிறீர்கள், பதினொரு இரவுக்கு 330,000 போனது. சாமான், காஸ், கறண்ட் கழித்து நூற்றுக்கு 45 மிஞ்சும் என்பது உங்கள் தாளில் உள்ள கணக்கு, அதன்படி கையிலிருந்து போனது ஒன்றரை இலட்சத்தை ஒட்டி. ஜனவரிக் கூடுதல் ஒரு வருடம் முழுவதற்கும் 165,600. இரண்டு பிள்ளைகள் திரும்பி வராததற்கு நீங்கள் கட்டிய விலையும் நான்கு பேருக்கு ஒரு வருடம் கூட்டிக் கொடுக்கும் விலையும் ஏறத்தாழ ஒன்றுதான். புது ஆளுக்கு மா குழைக்கப் பழக்கும் இரண்டு மாதம், கருகிப் போகும் ரோல்ஸ், "அண்ணன் இல்லையா" என்று கேட்டுத் திரும்பிப் போகும் வாடிக்கையாளர், இவற்றை நான் சேர்க்கவே இல்லை. இந்தச் செலவுக்கு பில் வராது, அதனால் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நானே பல வருடம் எழுதவில்லை.

முழுவதும் 45,000க்குப் போனால் என்ன ஆகும் என்றும் பார்ப்போம், ஏனென்றால் மகன் அதைத்தான் கேட்பார். கீழே உள்ளவருக்குக் கூட்டினால் மேலே உள்ளவரும் கேட்பார், கேட்காவிட்டாலும் மனதுக்குள் நினைப்பார். ஆகவே நான்கு பேருக்கு 15,000 வீதம், சமையல் மூவருக்கு 12,000 வீதம், காசு மேசைக்கு 10,000, பாஸுக்கு 5,000. நிதிகளோடு மாதம் 127,650 மேலதிகம். வியாபாரத்தில் நூற்றுக்கு 5 ரூபாய் 30 சதம். எல்லாவற்றையும் வாடிக்கையாளர் தலையில் வைத்தால்கூட 600 ரூபாய்ச் சோற்றுப் பார்சல் 632 ஆகும். 2025 ஜூனில் மின்கட்டணம் 15 வீதம் ஏறியபோதும், தேங்காய் விலை ஏறியபோதும் நீங்கள் விலைப் பலகையை மாற்றியிருப்பீர்கள், யாரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டீர்கள். உழைக்கிற பிள்ளைக்காக மாற்றும்போது மட்டும் ஏன் கை நடுங்க வேண்டும்?

ஆனால் ஒரே நாளில் செய்யச் சொல்ல மாட்டேன். உங்களிடம் அந்த அளவுக்குக் கைக்காசு இல்லை என்பதும் தாளில் தெரிகிறது, கடை வாடகை வேறு இந்த வருடம் புதுப்பிக்க வேண்டும். மூன்று படியாக வையுங்கள்: ஏப்ரலில் 35,000, ஒக்டோபரில் 40,000, அடுத்த ஏப்ரலில் 45,000. முதல் படிக்கு மற்றவர்களுக்கும் அளவாகச் சேர்த்து (சமையலுக்கு 4,000 வீதம், காசு மேசைக்கு 3,000, பாஸுக்கு 2,000) நிதிகளோடு மாதம் 42,550 வேண்டும். சோற்றுப் பார்சல் ஒரு நாளைக்கு 60 போகிறது, 20 ரூபாய் கூட்டினால் மாதம் 36,000. கொத்து 25, அதற்கு 30 ரூபாய் கூட்டினால் 22,500. ஆக 58,500, கொஞ்சப் பேர் வராமல் விட்டாலும் கணக்கு நிற்கும். ரோல்ஸ், பற்றீஸ் விலையைத் தொடாதீர்கள். சனம் அடுத்த கடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான், பார்சலை வாங்குவது உங்கள் கைருசிக்காக.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை, இரண்டு மணி நேரம் ஓய்வு போக, பன்னிரண்டு மணி நேர வேலை. 30,000 என்பது நாளுக்கு எட்டு மணி நேர வேலைக்கான தொகை. அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். சாப்பாடும் தங்க இடமும் கொடுப்பது நல்ல மனது, ஓவர்டைமுக்கு அது பதில் ஆகாது. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், கடை தொடங்கிய காலத்திலிருந்து அப்படியே நடக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைப் பேசுவது சரியில்லை, பிள்ளைகள் போவதற்குச் சம்பளத்தைவிட இதுதான் பெரிய காரணமாக இருக்கக்கூடும்.

இதற்கு வழி இருக்கிறது. உங்கள் தாளின்படி இரண்டரைக்கும் ஐந்துக்கும் நடுவில் வியாபாரம் தேநீரும் சில ரோல்ஸும் மட்டும். அந்த நேரத்தில் உதவிப் பிள்ளைகள் நால்வரும் சமையல்காரர் மூவருமாக ஏழு பேரும் கடைக்குள்ளேயேதான் இருக்கிறார்கள். ஏழு பேரையும் இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு கூட்டம் காலை ஆறிலிருந்து இரண்டரை, மற்றது பன்னிரண்டிலிருந்து எட்டரை. நடுவில் சாப்பாட்டு நேரம் அரை மணி போனால் எட்டு மணி நேர வேலை. பகல் பார்சல் நேரத்தில் ஏழு பேரும் இருப்பார்கள், காலையிலும் இரவிலும் மூன்று நான்கு பேர் போதும். வாரத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டாதபடி லீவு நாட்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் தடுமாறும், பிறகு பழகிவிடும்.

சேமலாப நிதி விடயத்தில் ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பேக்கரிக்காரருக்கு, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மிச்சத்தை அலவன்ஸ் என்று எழுதினால் நிதிக்குக் கட்டுவது குறையும் என்று யோசனை சொன்னேன். மூன்று வருடம் கழித்து வேலையை விட்ட ஒருவர் முறையிட, தொழில் திணைக்களத்திலிருந்து வந்தவர் அந்த அலவன்ஸ் முழுவதையும் சம்பளமாகவே எடுத்துக்கொண்டார். ஒன்பது பேருக்கு மூன்று வருட நிலுவை, அதன்மேல் மேலதிகக் கட்டணம் வேறு. தாமதத்தைப் பொறுத்து அது 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை போகும். அந்த மனிதர் மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் பாரமாக இருக்கிறது. அதனால் உங்கள் மகனுக்கு யாராவது இதே யோசனையைச் சொன்னால் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னுமொன்று, சாப்பாட்டுக் கடைக்காரர் பலருக்குத் தெரியாதது: நீங்கள் கொடுக்கும் சாப்பாட்டின் காசுப் பெறுமதியும் நிதிக்கான சம்பளத்தில் சேரும், ஓவர்டைம் சேராது. உங்கள் கணக்காளரிடம் கேட்டு இப்போதே சரிசெய்யுங்கள், நான் மேலே போட்ட தொகைகளும் அதனால் கொஞ்சம் கூடும்.

ஆளை நிறுத்துவது பற்றியும் இரண்டு வார்த்தை. பதினைந்து பேருக்குக் குறைந்த இடம் என்பதால் தொழில் ஆணையாளரின் அனுமதி கேட்கும் சட்டம் உங்களைப் பிடிக்காது. ஆனாலும் நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்குப் போகலாம்.

பக்கத்து ஒழுங்கைக் கடை 22,000 கொடுத்து நிதியும் கட்டாமல் குறைந்த விலைக்கு விற்கிறது என்று கடைசியில் எழுதியிருந்தீர்களே, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது. எல்லாக் கடைக்காரரையும் ஒரே நாளில் ஒரே படிக்குக் கொண்டுவருவதுதான் சம்பளச் சட்டத்தின் பெரிய பலன். எல்லாக் கடையும் கூட்டினால் எல்லாக் கடையும் 10, 20 ரூபாய் ஏற்றும், ஒருவருக்கும் வியாபாரம் போகாது. சட்டத்தை மதிக்கிற நீங்கள் மட்டும் ஏற்றி அவர் ஏற்றாமல் விட்டால், நேர்மைக்கு நீங்கள் தண்டம் கட்டுகிறீர்கள். இதை மேற்பார்வை செய்ய வேண்டியது அரசாங்கம். தொகையைக் கூட்டி அறிவிப்பதில் காட்டும் வேகத்தை அது நடைமுறையில் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் உங்களைப் போன்றவரைத்தான் நெரிக்கும். உங்கள் கடைக்காரர் சங்கத்தில் இதைப் பேசுங்கள், நானும் வருகிறேன்.

கடைசியாக, எப்போது சொல்வது என்பது முக்கியம். சித்திரைப் புத்தாண்டுக்கு எல்லாரும் ஊருக்குப் போவார்கள், தீபாவளியில் நடந்தது அப்போதும் நடக்கலாம். ஆகவே மார்ச் முடிவதற்குள் ஒரு நாள் கடை மூடிய பிறகு ஒன்பது பேரையும் இருத்தி, மூன்று திகதியையும் மூன்று தொகையையும் தாளில் எழுதி, உங்கள் கையொப்பத்தோடு ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். ஒக்டோபரிலும் அடுத்த ஏப்ரலிலும் வரும் படிகள் வியாபாரம் இப்போது இருக்கிற அளவுக்குக் குறையாமல் இருந்தால் என்று அதிலேயே எழுதுங்கள், மறைக்க வேண்டாம். ஊருக்குப் போகிற பிள்ளை அந்தத் தாளை அம்மாவிடம் காட்டட்டும். மகனையும் அன்று பக்கத்தில் இருத்துங்கள், புது நேர அட்டவணையை அவரே விளக்கட்டும். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத வியாபாரக் கணக்கை எனக்கு அனுப்பிவையுங்கள் அக்கா, ஒக்டோபர்ப் படியை எடுத்து வைப்பதற்கு முன் இன்னொரு தடவை சேர்ந்து பார்ப்போம்.